காம்ப்ளானில் கட்டி

சிரிச்சுட்டு இருக்கும்போதே வயித்தைப் பிசையுற நாடகம் ஒண்ணு சொல்றேன்.

மார்ட்டின் மெக்டோனா எழுதிய 'தி பியூட்டி குயின் ஆஃப் லீனேன்'. 1996இல் அயர்லாந்தின் கால்வே நகரில் முதலில் மேடையேறியது.

70 வயது அம்மா மேக். 40 வயது மகள் மொரீன். ஒரே வீட்டில் இருவர் மட்டும்.

காம்ப்ளான்ல கட்டி இருக்குன்னு அம்மா புலம்புவார். மகளோ தண்டனையா, கட்டியோடவே குடிக்க வைப்பாள். ராத்திரிச் சிறுநீரை அம்மா சமையலறைத் தொட்டியில் கொட்டுவார். அரங்கமே சிரிக்கும்.

பிறகு மகளுக்கு வந்த காதல் கடிதத்தை அம்மா அடுப்பில் போடுவார். மகள் எண்ணெயைக் காய்ச்சுவாள். சிரிப்பு அங்கேயே நின்னுடும்.

யார் வில்லி? மருத்துவரா என் கண்ணில் பட்டது வேற. மொரீனுக்கு சகோதரிகள் இருவர். கல்யாணமாகிப் போயாச்சு. பாரம் மொத்தமும் ஒருத்தி தலையில்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு மொரீன் இருக்கலாம்.

பெரியவரைப் பார்க்கப் போனா, பழத்தைக் கொடுத்துட்டுக் கிளம்பிடாதீங்க. பார்த்துக்கிறவங்களிடம் "நீ ராத்திரி தூங்குறியா?"ன்னு கேளுங்க. ரெண்டு நாள் நீங்க பொறுப்பெடுத்து அவங்களை வெளியே அனுப்புங்க.

பெரியவர் உடம்பில் காரணம் சரியா சொல்லாத தீக்காயமோ கன்றிய தடமோ இருந்தா, தனியா உக்காந்து விசாரிங்க.

மேக் கையிலும் ஒரு பழைய தீக்காயம் இருந்தது.