நின்ற நேரம்

என் மேசையில் ஒரு நீள நோட்டு எப்போதும் இருக்கும். அனுப்பும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதில் ஒரு வரி. இடப்பக்கம் ஓடிய நேரம், வலப்பக்கம் நின்ற நேரம். 1998-இல் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஏற்றுமதி ஏஜென்டாக உட்கார்ந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து நெதர்லாந்துக்குக் கிளம்பிய காயர் பித் (தேங்காய் நார்த்தூள்) லோடின் வரி இது: தூத்துக்குடி வரை லாரி ஓடியது பத்து மணி நேரம். காலிப் பெட்டி கிடைக்க நின்றது இரண்டு நாள். துறைமுக வாசலில் ஒரு ராத்திரி. உள்ளே கப்பலுக்காக நான்கு நாள். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற எட்டு நாள்.

துறைமுகத் தொழிலில் பணம் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் இந்த வலப்பக்கத்தைத்தான் காட்டுகிறேன். சரக்கு எங்கே நிற்கிறதோ அங்கே ஒருவர் பணம் இழக்கிறார். அந்த இடத்தில் நல்ல தளமோ, கிடங்கோ, ரயில் பாதையோ அமைத்துக் கொடுப்பவருக்கு வருமானம் இருக்கிறது. எந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

சென்ற வாரம் வந்தவர் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வைத்திருப்பவர், என் பழைய பார்ட்டி.

"ஏனுங்கண்ணா, போர்ட் பங்கெல்லாம் ஏறுதுங்கறாங்க. தோப்பு வித்த பணம் கொஞ்சம் கையில இருக்குது. போட்டா நிக்குமுங்களா?"

அதானி போர்ட்ஸ், ஜே.எஸ்.டபிள்யூ. இன்ஃப்ராஸ்ட்ரக்சர், இருகூரில் டெப்போ வைத்திருக்கும் கான்கார் என்று சந்தையில் பங்குகள் இருக்கத்தான் செய்கின்றன. எதை வாங்கு என்று சொல்வது என் தொழில் இல்லை. வாங்குவது என்ன என்று புரிய வைக்க முடியும். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவர் அவர். அதனால் அந்த வழியிலேயே சொன்னேன். மத்திய அரசின் பெரிய துறைமுகங்களில் நிலமும் கடல்முகமும் துறைமுக ஆணையத்துக்குச் சொந்தம். தனியார் கம்பெனி முனையத்தைக் கட்டி, கிரேன் வைத்து, பெரும்பாலும் 30 ஆண்டுக்கு நடத்துகிறது. வருமானத்தில் ஒரு பங்கையோ பெட்டிக்கு இவ்வளவு என்றோ ஆணையத்துக்குக் கட்டுகிறது. நம்மூர் வாரம் மாதிரிதான். காலம் முடிந்தால் தோப்பு திரும்பப் போகும். ஆகவே குத்தகையில் இன்னும் எத்தனை வருசம் பாக்கி, வாரம் எவ்வளவு, மழை பொய்த்தாலும் வாரம் கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் கேட்காமல் கிரேனின் உயரத்தைப் பார்த்துப் பணம் போடக்கூடாது.

மழை பொய்ப்பது என்றால் சரக்கு வராமல் போவது. அதை நான் கேரள எல்லையில் இருக்கும் வாளையாறில் கண்ணால் பார்த்தேன். கொச்சி எங்களுக்கு 200 கிலோமீட்டருக்குள். தூத்துக்குடி ஏறக்குறைய 360. பாலக்காட்டுக் கணவாய் வழி மேடுபள்ளம் இல்லாத பாதை. 2011 பிப்ரவரியில் கொச்சியின் வல்லார்பாடம் முனையம் திறந்தபோது, இனி கோவை சரக்கெல்லாம் அங்கேதான் என்று நானும் நம்பினேன். இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் கையாளக் கட்டியது அது. முதல் ஐந்து ஆண்டுகள் பாதிகூட நிரம்பவில்லை. வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் ரோட்டோரம் சமைத்துச் சாப்பிடுவார்கள். கப்பலின் கட்-ஆஃப் நேரம் தவறினால் அடுத்த கப்பல்தான். நூல் ஏற்றிய பெட்டி ஒன்று அப்படித் தவறி, வாங்குகிறவர் ஆர்டரையே ரத்து செய்தார். அதற்குப் பிறகு பல வருசம் நான் கொச்சிக்குப் பெட்டி அனுப்பவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து சாவடி வேலை நின்றபோதுதான் கொச்சி எங்களுக்கு உண்மையிலேயே பக்கத்தில் வந்தது. கடலோரத்தில் கொட்டிய முதலீட்டின் தலைவிதி மலையோரச் சாவடியில் இருந்தது என்பதை எந்தக் கம்பெனி அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

கொச்சிக்கு இன்னொரு பாரமும் உண்டு. காயல் வண்டல் கப்பல் பாதையில் படிந்துகொண்டே இருக்கும். தூர் வாரும் செலவு ஓயாது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் இயற்கையாகவே ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம். கொழும்பில் மாறிவந்த நம் சரக்கில் ஒரு பகுதியை அது பிடிக்கும் என்றே எண்ணுகிறேன். ஆனாலும் முதலில் அங்கே நடந்தது கப்பல் விட்டுக் கப்பல் மாற்றும் வேலைதான். பொள்ளாச்சிப் பெட்டி அங்கே போக ரயிலும் அகல ரோடும் வேண்டும். தூத்துக்குடி வெளித்துறைமுகத்தில் ரூ.7,000 கோடிக்கு மேல் மதிப்பிட்ட கன்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது எழும்பினால் பெரிய கப்பலே நேராக வரும். என் நோட்டில் கொழும்பின் எட்டு நாள் குறையும். அந்த நாளுக்காக மனதாரக் காத்திருக்கிறேன்.

காலிப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. தேங்காய் நாரும் பனியனும் வெளியே போக, முதலில் ஒரு காலிப் பெட்டி உள்ளே வர வேண்டும். மரத்தடி, முந்திரிக்கொட்டை, கழிவுக் காகிதம், பஞ்சு என்று தூத்துக்குடியில் வந்து இறங்குவதால் அங்கே பெட்டி காலியாகிறது. அதை எடுத்துக்கொண்டு லாரி ஏறக்குறைய 360 கிலோமீட்டர் வெறும் இரும்பைச் சுமந்து வருகிறது. போகிற வழி டீசல் மட்டும்தான் சரக்குக்கு, வருகிற வழி டீசல் காற்றுக்கு. இருகூர், திருப்பூர் டெப்போக்களில் காலிப் பெட்டி இருப்பில் இருந்தால் இந்தச் செலவு விழுகிறது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போனபோது பெட்டிகள் கடலிலேயே பல நாள் கூடுதலாகக் கிடந்தன. இங்கே பித் கட்டிகள் தார்ப்பாய்க்கடியில் காத்துக்கிடந்தன. ரயில்வே பாதைக்குப் பக்கத்தில் நல்ல கான்கிரீட் தளம் போட்டு, பெட்டி கழுவி, ஓட்டை அடைத்து, அடுக்கி வைக்கும் ஒரு யார்டு பார்வைக்கு அழகில்லாத தொழில். கொங்கு நாட்டுக்கு நான் முதலில் கேட்பது அதைத்தான்.

குடோன் கட்டியவர்களையும் பார்க்கிறேன். நீலாம்பூர் பக்கம் ஒருவர் சோளக்காட்டைத் திருத்திப் பெரிய கொட்டகை போட்டார். தளம் ரோட்டு மட்டத்தில். டிரெய்லரின் தட்டோ நாலடிக்கு மேல் உயரம். நாற்பதடிப் பெட்டி திரும்ப முன்னால் இடமும் இல்லை. வாடகைக்கு வந்த கம்பெனி பார்த்துவிட்டுப் போய்விட்டது. முதலிலேயே ஒரு டிரைவரைக் கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் சொல்லியிருப்பார்.

கப்பலில் பணம் போடுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, பங்கு 25 ரூபாய் என்று விற்றார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிர்க்கம்பெனி கட்டணத்தை அடித்து இறக்கியது; நஷ்டத்தை நாள்கணக்கில்லாமல் தாங்கும் முதல் அவர்களிடம் இருந்தது. 1908-இல் வ.உ.சி. கைதாகி இந்தக் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது. காந்திபுரத்தில் அந்தச் சிறை மதிலைக் கடக்கும்போதெல்லாம் 25 ரூபாய் கொடுத்தவர்களை நினைத்துக்கொள்வேன். கட்டணப் போர் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறது. பொறுத்திருக்க முடியாத பணத்தை, மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்ததை, இங்கே போட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

நார் மில்காரர் நோட்டை ரொம்ப நேரம் புரட்டினார். "வியாழக்கிழமை உங்க லோடு கிளம்புதுங்க. டிரைவர் பக்கத்துல உக்காந்து ஒரு நடை போய்ட்டு வாங்க," என்றேன். போவார் என்று நினைக்கவில்லை. வெள்ளி விடியற்காலை மூன்று மணிக்கு போன் வந்தது.

"அண்ணா, கேட்டுக்கு வெளிய நிக்கறனுங்க. நம்ம வண்டிக்கு முன்னால நாப்பத்திரண்டு வண்டிங்க. இறங்கி எண்ணிட்டு வந்தேன்."

"எதிர்ல திரும்பி வர்ற வண்டியையும் எண்ணுங்க," என்றேன். "அதுல எத்தனை காலிங்கறதையும் எழுதிக்குங்க."

"பேனா இல்லீங்களே," என்றார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுப் பேனா கேட்கும் சத்தம் கேட்டது.