திடப்படுத்தலுக்கு அப்புறம் காணாமப் போற பயலுவ

எங்க பக்கத்துல, சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில இருக்கிற செம்மண் தேரிக்காட்டு ஊர்கள்ல, சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். குருவானவரை ஐயர்னு சொல்லுவோம். பட்டணத்துல இருந்து படிக்கிறவங்க குழம்பிக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுறேன்.

இங்க பிள்ளைங்க பதினாலு பதினஞ்சு வயசுல திடப்படுத்தல் எடுப்பாங்க. பிஷப் வந்து தலையில கை வச்சு ஜெபம் பண்ணுவார். அதுக்கு முன்னாடி வகுப்பு நடக்கும். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கணும். வெள்ளைச் சட்டை, போட்டோ, வீட்டுல கறிச்சோறு. அதோட சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையில இருந்து பாதிப் பயலுவளைக் கோயிலுக்குள்ள பாக்க முடியாது. வெளிய வேப்பமரத்தடியில பைக்கு மேல உக்காந்திருப்பானுவ. முன்னாடி இருந்த ஐயர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார், "இது திடப்படுத்தல் ஆராதனை இல்ல அண்ணாச்சி, பட்டமளிப்பு விழா"ன்னு.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி இருக்கு. மே மாசம் வி.பி.எஸ். வரும், விடுமுறை வேதாகமப் பள்ளி. நான் படிச்ச காலத்துல அதுதான் எங்களுக்கு சினிமா, சர்க்கஸ் எல்லாம். கலர் பேப்பர் வெட்டுறது, கையை ஆட்டிப் பாடுறது, கடைசி நாள் பன்னும் கலரும். பெரியவங்களுக்கு ஆராதனை, பெண்கள் ஐக்கியம், உபவாசக் கூட்டம். நடுவுல மீசை முளைக்கிற வயசுல இருக்கிறவனுக்கு ஒண்ணும் கிடையாது. வி.பி.எஸ்.ல போய் உக்காந்தா கூட்டாளி சிரிப்பான். பெரியவங்க கூட உக்காந்தா தூக்கம் வரும்.

எங்க அப்பா காலத்துல சி.இ. சங்கம்னு ஒண்ணு இருந்துது. கிறிஸ்தவ முயற்சி சங்கம். 1881-ல அமெரிக்காவுல போர்ட்லண்ட்ங்கிற ஊர்ல பிரான்சிஸ் கிளார்க்னு ஒரு போதகர் ஆரம்பிச்சது. அவருடைய யோசனை ரொம்ப எளிசு. பிள்ளைங்களைக் கேக்கிற இடத்துல உக்கார வைக்காத, அவங்களையே நடத்தச் சொல்லு. ஆளுக்கு ஒரு வாரம் வேதம் வாசிக்கணும், ஜெபம் பண்ணணும், ஏதாவது ஒரு வேலைக்குப் பொறுப்பு எடுக்கணும். அது கடல் தாண்டி எங்க தேரிக்காட்டுக்கும் வந்துது. எங்க அப்பா மேடையில பேசப் பழகினது அந்தச் சங்கத்துலதான். எங்க ஊர்ல அது எப்ப நின்னுதுன்னு சொல்ற மாதிரி ஒரு நாள் இல்ல. ஆள் ஆளா மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் மளிகைக் கடைக்குப் போனாங்க. சங்கம் தானா வத்திப் போச்சு, கோடையில கிணறு வத்துற மாதிரி.

திரும்ப ஊறினது கொரோனா சமயத்துல. திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பாத்துட்டு இருந்த எங்க தெருப் பையன் ஒருத்தன் 2020-ல ஊரு திரும்பினான். ஐ.டி.ஐ. முடிச்சவன், அப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும். பேர் சொன்னா அவனுக்குப் பிடிக்காது, அதனால தம்பின்னே எழுதுறேன். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்துது. பிள்ளைங்க கையில ஆன்லைன் கிளாசுக்குன்னு வாங்கின போன். அப்பன்மார் பாதிப் பேர் வெளியூர்ல. பிள்ளை பாட்டி வீட்டுல வளருது. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் போன்ல என்ன ஓடுதுன்னு பாட்டிக்கு என்ன தெரியும்?

கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும் தம்பி ஒரு வாலிபால் வாங்கினான். அவ்வளவுதான் ஆரம்பம். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பின்னாடி இருக்கிற பொட்டல்ல விளையாட்டு. விளையாடி முடிச்சதும் அரைமணி நேரம் வேதம், ஒரு பாட்டு. ஒரே ஒரு சட்டம் போட்டான். வந்ததும் போனை ஒரு பனைநார்ப் பெட்டியில போடணும், போகும்போது எடுத்துக்கலாம். முதல் வாரம் ஒன்பது பேர். அதுல நாலு பேர் பெட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானுவன்னு சொல்லிச் சிரிப்பான்.

பைபிள் வகுப்புக்காக வந்தாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். முதல்ல பந்துக்கு வந்தாங்க. அப்புறம் பேச வந்தாங்க. கடைசிப் பத்து நிமிஷம் ஆளாளுக்கு அந்த வாரம் நடந்ததைச் சொல்லணும்னு தம்பி ஒரு பழக்கம் கொண்டு வந்தான். முதல் ரெண்டு மாசம் எல்லாரும் "ஒண்ணும் இல்லண்ணே"தான். பிறகு ஒரு நாள் பத்தாப்புப் படிக்கிற பையன், எங்கப்பா நேத்தும் குடிச்சிட்டு வந்து எங்கம்மாவை அடிச்சாருன்னு சொல்லிட்டான். யாரும் சிரிக்கல. மறுவாரம் இன்னும் ரெண்டு பேர் வாயத் திறந்தாங்க. எங்க ஊர்ல ஒரு பையன் தன் வீட்டுக் கஷ்டத்தை வெளிய சொல்றது சாதாரணக் காரியம் இல்ல. மானம் போகும்னு வளர்ந்த பிள்ளைங்க. கூட்டம் பெருகினதுக்கு வேர் அந்தப் பத்து நிமிஷம்தான்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து பொம்பளைப் பிள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க. தாய்மாருக்குப் பயம். ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தங்க, நானும் கூட உக்காருதேன், இருட்டுறதுக்கு முன்னால வீட்டுல கொண்டு விடுறது என் பொறுப்புன்னு சொன்ன பிறகுதான் அனுப்பினாங்க. பக்கத்து ஊர்கள்ல இருந்து சைக்கிள்ல பிள்ளைங்க வந்தாங்க. இந்து வீட்டுப் பிள்ளைங்களும் விளையாட வந்தாங்க. அந்தப் பெத்தவங்களுக்கு மதம் மாத்திருவாங்களோன்னு ஒரு சந்தேகம், அது நியாயமானதுதான். தம்பி வீடு வீடாப் போய், விளையாட்டு எல்லாருக்கும், வேத நேரம் வந்தா உங்க பிள்ளை வீட்டுக்கு வந்துரலாம், ஒருத்தரும் பிடிச்சு வைக்க மாட்டோம்னு சொல்லிட்டு வந்தான். சொன்னபடி நடந்துக்கிட்டான். ரெண்டு வருஷத்துல ஒன்பது பேர் நாப்பது பேர் ஆச்சு.

வெளியூர்ப் பிரசங்கியார் ஒருத்தர் வந்த கதையும் உண்டு. பெரிய ஸ்பீக்கர் வச்சு, நரகத்தைப் பத்திக் கத்திப் பேசி, பிள்ளைங்களை அழ வச்சிட்டு, காணிக்கையும் எடுத்துட்டுப் போனார். மறுவாரம் பத்துப் பேருக்கு மேல குறைஞ்சாங்க. அதுக்கப்புறம் தம்பி ஸ்பீக்கரே கட்டுறதில்ல. எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. கர்த்தருக்குக் காது கேக்கும்.

இனி சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

எங்க ஊர்ல மேலத்தெரு, கீழத்தெருன்னு ரெண்டு உண்டு. ஏன் ரெண்டுன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஒரே பைபிள், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே ஐயர். கல்லறைத் தோட்டம் மட்டும் ரெண்டு. எங்க தாத்தா காலத்துல கோயிலுக்குள்ள உக்காரவும் தனித்தனி இடம் இருந்துதாம். இப்ப அது இல்ல. ஆனா யாரும் சொல்லாமலேயே கீழத்தெருக்காரங்க கடைசி நாலு பெஞ்சுலதான் உக்காருவாங்க.

சனிக்கிழமைக் கூட்டத்துல இந்தக் கோடு எப்ப அழிஞ்சுதுன்னு யாரும் கவனிக்கல. வாலிபால்ல ஆறு பேர் வேணும்னா தெருவைப் பாத்து ஆள் எடுக்க முடியாது. ஒரே குடத்துல தண்ணி குடிச்சாங்க. கீபோர்டு நல்லா வாசிக்கிற பையன் கீழத்தெரு, நல்லாப் பாடுற பிள்ளை மேலத்தெரு. ரெண்டு பேரும் பாட்டுக்குப் பயிற்சி எடுத்தாங்க. அந்த வருஷ அசனத்துல வாலிபர்தான் பரிமாறுவோம்னு கேட்டு வாங்கினாங்க. அசனம்னா ஊரே சேர்ந்து பெரிய பெரிய கொப்பரையில சோறும் கறியும் ஆக்கி, சபையார் எல்லாரும் உக்காந்து சாப்பிடுறது. கீழத்தெருப் பையன் ஒருத்தன் கையில சோத்து வாளியோட மேலத்தெருப் பந்தியில வந்து நின்னான். ரெண்டு மூணு பெரியவங்க இலையை மூடிட்டு எந்திரிச்சுப் போனாங்க. பையன் வாளியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். பக்கத்துல நின்ன மேலத்தெருப் பிள்ளைங்க, அன்னைக்கு நாங்களும் சாப்பிடலன்னு சொல்லிட்டாங்க. ஒரு பிள்ளை கூட கை நனைக்கல.

அடுத்த சனிக்கிழமை ஹாலுக்குப் பூட்டு. மராமத்து வேலைன்னு கமிட்டியில சொன்னாங்க. மராமத்துக்கு ஒரு மூடை சிமெண்டு கூட வந்து நான் பாக்கல.

பிள்ளைங்க பொட்டல்ல வெயில்ல நின்னாங்க. என் முருங்கைத் தோட்டத்துல மோட்டார் ரூம் பக்கம் கொஞ்சம் காலி இடம் இருக்கு. அங்கன வாங்கலேன்னு நான் கூப்பிட்டேன். எனக்கு இருக்கிறதே ரெண்டு ஏக்கர், அதுல ஒண்ணரை முருங்கை, மீதி வாழை. இடம் கொடுத்ததுல எனக்குச் செலவு ஒண்ணும் இல்லன்னுதான் நினைச்சேன். செலவு வேற ரூபத்துல வந்துது.

கமிட்டியில இருக்கிறவர்ல ஒருத்தர் என் வீட்டுக்காரி கூடப் பிறந்த அண்ணன். எங்களுக்கும் அவருக்கும் பங்குக் கிணறு. வாரத்துல நாலு நாள் எனக்கு, மூணு நாள் அவருக்கு. வெயில் காலத்துல யாருக்கு அவசரமோ அவங்க முறையை மாத்திக்கிடுவோம், இருபது வருஷமா வாய்ப்பேச்சுல நடந்த விஷயம். அந்தப் பங்குனியில வாழை குலை தள்ளுற சமயம், ஒரு நாள் தண்ணி கூடக் கேட்டேன்.

"மாப்ள, உமக்குத்தான் பெரிய கூட்டம் இருக்கே. அவனுவளைத் தண்ணி கோரி ஊத்தச் சொல்லும்" அப்படின்னார்.

"மச்சான், கோவத்தை எங்கிட்ட காட்டுங்க, வாழைகிட்ட காட்டாதீங்க"ன்னேன்.

அதோட பேச்சு நின்னுது. வாழை பாதி காஞ்சுது. குலை சிறுத்துப் போச்சு. என் வீட்டுக்காரி ரெண்டு பக்கமும் பேச முடியாம ஒரு வருஷம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவ அண்ணன் வீட்டு விசேஷத்துக்குத் தனியாப் போய்ட்டு வந்தா.

கமிட்டிக்காரங்க சொன்னதுல ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கிறேன். "அந்தக் காலத்துல இப்படியா வாலிபப் பிள்ளைங்க ஆடுனாங்க, எல்லாம் புதுப் பழக்கம்"னாங்க. மெஞ்ஞானபுரத்துப் பக்கத்துல இருக்கிற வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த வேதநாயகம் அசரியா, இருபத்தொரு வயசுல ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினப்போ முப்பது வயசு ஆகல. 1912-ல தோர்ணக்கல் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பிஷப். அந்த ஒய்.எம்.சி.ஏ.வே 1844-ல லண்டன்ல துணிக்கடையில வேலை பாத்த ஜார்ஜ் வில்லியம்ஸ்ங்கிற பையனும் அவன் கூட்டாளிகளும் ஆரம்பிச்சது. வாலிபன் பேச்சை வாலிபன்தான் கேப்பான்கிறது எங்க தம்பி கண்டுபிடிச்சது இல்ல.

தோட்டத்துக்கு வந்த பிறகு கூட்டம் குறையும்னு பூட்டினவங்க நினைச்சாங்க. நடந்தது வேற. சுவர் இல்லாத இடம்னா வர்றவனுக்குக் கூச்சம் இல்ல. இன்னைக்கு அறுபது பேருக்குக் குறையாம வர்றாங்க. பத்து சென்ட்ல வெண்டையும் கத்தரியும் போட்டாங்க. பாத்தி கட்டத் தெரியாம ஒரே நாள்ல ஒரு வாரத் தண்ணியை ஊத்தி முதல் நாத்தை அழுக வச்சதும் இவங்கதான். ரெண்டாம் தடவை விளைஞ்சதை அறுப்பின் பண்டிகை ஏலத்துல வச்சாங்க. சந்தையில இருபது ரூபாய்க்குப் போற வெண்டைக்காய், ஏலத்துல நூத்துக்கு மேல போச்சு. எங்க ஊர் ஏலத்துல பொருளுக்கு விலை கிடையாது, ரோசத்துக்குத்தான் விலை. அந்தக் காசுல ரெண்டு பிள்ளைங்களுக்குக் கல்லூரிக்குப் பரீட்சைப் பணம் கட்டினாங்க.

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னைக்கு இவங்க செய்ற ஒரு வேலை எனக்குப் பெருசாப் படுது. பாஸ் பண்ணினவன் வீட்டுக்கு யாரும் போறதில்ல. தேறாதுன்னு சந்தேகம் இருக்கிறவன் வீட்டு வாசல்ல காலையிலேயே ரெண்டு பேர் போய் உக்காந்துருவாங்க. ஒரு வருஷம் ஒரு பையன் ரெண்டு பாடத்துல போயிட்டான். அன்னைக்கு ராத்திரி வரைக்கும் மூணு பேர் அவன் கூட என் மோட்டார் ரூம் திண்ணையில இருந்தாங்க. உபதேசம் ஒண்ணும் பண்ணல, கேரம் விளையாடினாங்க. பொழுது விடிஞ்சதும் கூடப் போய்த் துணைத்தேர்வுக்கு எழுதிப் போட்டாங்க. இப்ப அவன் நாசரேத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்கான்.

புது ஐயர் வந்து ஹால் சாவியை வாங்கிக் கொடுத்துட்டார். மழைக்காலத்துல அங்க கூடுறாங்க, மத்தபடி தோட்டம்தான். கல்லறைத் தோட்டம் இன்னும் ரெண்டுதான். போன அசனத்துல பந்தியில யாரும் எந்திரிக்கல, ஆனா ரெண்டு பேர் வரவே இல்ல. மச்சான் வந்தார், சாப்பிட்டார், என் பக்கம் பாக்கல.

அவர் கடைக்குட்டி மகன் இந்த வருஷம் பதினொண்ணாப்பு. போன மாசத்துல இருந்து சனிக்கிழமை வர்றான், பெட்டியில போனைப் போடுறான், பின் வரிசையில நின்னு பந்து எடுக்கிறான். போன வியாழக்கிழமை அவங்க முறை நாள். காலையில நான் வாழைக்குப் போனா என் வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு. மடையைத் திருப்பி விட்டுட்டு மம்பட்டியோட வரப்புல அந்தப் பயல் நிக்கிறான்.

"அப்பாவுக்குத் தெரியுமாலே?"ன்னேன்.

"மாமா, கரண்ட் போறதுக்குள்ள பாய்ச்சுங்க"ன்னான்.