கைம்மாறு

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தை ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்களுக்கு நடத்துகிறேன். அதன் முதற்குறள், 211ஆவது, மழையை முன்னிறுத்துவது. மழைக்கு இவ்வுலகம் எதைத் திருப்பிச் செய்துவிட முடியும்? பிறர்க்கு உதவுவதும் அவ்வாறே பதிலை எதிர்பாராத கடமை என்பது அதன் சாரம். உரைகளை ஒப்பிட்டுச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடங்களில் அடுத்த குறளுக்குச் சென்றுவிடுவது என் வழக்கம். 2025 ஜனவரியில் குடகுக்குப் போய்வந்த பிறகு அவ்வளவு எளிதாக அதைக் கடக்க முடியவில்லை.

அங்கே விராஜ்பேட்டைக்கு அருகில் நண்பர் ஒருவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. புத்தொளிப் பயிற்சி ஒன்றில் அறிமுகமான தாவரவியல் ஆசிரியர் அவர். கோவையில் படித்தவராதலால் தமிழ் நன்றாகப் பேசுவார். தோட்டம் என்று அவர் சொன்னது என் கண்ணுக்குக் காடாகவே தெரிந்தது. உயரத்தில் வெண்தேக்கும் ஈட்டியும் காட்டுப்பலாவும் அத்தியும் நின்றன. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். அடிமரங்களில் மிளகுக் கொடிகள். இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தரும் மாவட்டத்தில், தனியாருக்குச் சொந்தமான காடு என்பது பெரும்பாலும் இந்த வடிவில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஓர் ஈட்டி மரத்தடியில் நின்று அவர் சொன்னார்: "இது என் தாத்தா காலத்திலேயே பெரிய மரம். இதனால் எனக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை. நிழல் கூடினால் காப்பி குறைகிறது. அதோ அந்தச் சில்வர் ஓக் இருபது வருஷத்தில் பணமாகிவிடும். என் மகன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். அவன் கணக்கில் தப்பே இல்லை, சார்."

அந்தக் கணக்கின் வேர் நிலவுரிமையில் இருக்கிறது. குடகில் 'பாணே' எனப்படும் மேட்டுநிலங்கள், தழையுரத்துக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்குமாக நெல்வயலோடு சேர்த்து விடப்பட்டவை. அவற்றுள் 'மீட்கப்படாத' நிலங்களில் தானாக வளர்ந்த மரங்களின்மீது அரசுக்கு உரிமை உண்டு. மரத்தின் மதிப்பைக் கட்டி மீட்டாலன்றி நிலத்துக்குரியவர் அவற்றை விற்க இயலாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு இந்தத் தளை இல்லை. நட்டவரே வெட்டி விற்கலாம். ஆகவே காட்டுமரம் சாய்ந்த இடங்களில் சில்வர் ஓக் எழுகிறது. காட்டைக் காக்க எண்ணி வகுத்த விதி, காட்டுமரத்தை உரியவருக்குச் சுமையாக்கிவிட்டது.

தோட்டத்தின் அடியில் ஓர் ஓடை. மழை நின்று வெகுநாளாகியும் அதில் கணுக்கால் அளவு தெளிந்த நீர் ஓடியது. "இது காவிரிக்குப் போகிறது. அப்புறம் உங்கள் ஊருக்குத்தான். அங்கே யாராவது இதற்குக் கணக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தஞ்சைப் பக்கத்துக்காரனாகிய எனக்கு உடனே பதில் வரவில்லை.

எங்களிடம் உள்ளது வேறொரு கணக்கு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், ஆண்டுதோறும் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. அந்த எண்ணை எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் எவரும் சொல்வர். அந்த நீர் பிறக்கும் சரிவில் மரம் நிற்பதற்கான செலவை ஏற்பவர் யார் என்று அங்கே எவரும் கேட்டு நான் அறியேன்.

மரம் செய்யும் வேலையை மிகைப்படுத்தவும் கூடாது. மரமும் நீர் குடிக்கும். காடு வளர்த்தால் ஆற்றின் மொத்த நீர் பெருகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழையின் அறைச்சலை இலைகள் தாங்கிக்கொள்கின்றன. சருகு மூடிய மண் நீரை உள்ளே இறக்குகிறது. வேர் மண்ணைப் பிடிக்கிறது. ஓடை கலங்காமல் ஓடுகிறது. அணையில் வண்டல் குறைகிறது. இவற்றோடு, மரம் கரியைத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. தேனீக்கு இடம் கொடுக்கிறது. இவற்றைச் சூழலமைப்பின் சேவைகள் என்று பெயரிட்டு, விலைமதிப்பிடப் பொருளியலார் முயன்று வருகின்றனர். 1997இல் ராபர்ட் கோஸ்டான்சா முதலியோர் உலகம் முழுமைக்குமான அத்தகைய மதிப்பை ஆண்டுக்குச் சராசரியாக 33 டிரில்லியன் டாலர் என்று கணித்தனர்.

இம்மதிப்பீடுகளின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுவது மத்திய அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிக்காவின் காப்பித் தோட்டம் ஒன்று. டெய்லர் ரிக்கெட்ஸ் குழுவினர் அங்கே ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில், மகரந்தச் சேர்க்கையால் விளைச்சல் 20 விழுக்காடு கூடியிருந்தது. அருகிலிருந்த இரண்டு காட்டுத் துண்டுகளால் அந்தத் தோட்டத்துக்குக் கிட்டிய பயன் ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர். ஆனால் ஆய்வு முடிந்த சில காலத்திலேயே அங்கே காப்பியை அகற்றி அன்னாசி நட்டனர். அன்னாசிக்கு அந்தத் தேனீக்கள் தேவையில்லை. காடும் தேனீயும் இருந்தபடியே இருக்க, 60,000 டாலர் சுழியமாயிற்று.

விலை இவ்வளவு நிலையற்றது என்றாலும், உரியவருக்கு எதுவும் தராமலே இருந்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. அதே நாடு 1996இல் ஒரு வனச் சட்டம் இயற்றியது. கரியைச் சேமித்தல், நீரைக் காத்தல், பல்லுயிர் பேணல், இயற்கையழகு என நான்கு சேவைகளை ஏற்று, காட்டை வைத்திருக்கும் தனியாருக்குப் பணம் தருகிறது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி இதற்குச் செல்கிறது. நம் நாட்டிலும் 14ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப்பங்கீடு செய்யும்போது காட்டுப்பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை அளித்தது. 15ஆவது குழு அதைப் பத்தாக்கியது. ஆனால் அந்தப் பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. ஈட்டி மரத்தடியில் நிற்பவரிடம் வருவதில்லை.

நண்பரின் கேள்வி என்னைத் தைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய இலுப்பைத் தோப்பு இருந்தது. அம்மாவின் மருத்துவச் செலவு ஏறியபோது 2009இல் அதை விற்றோம். வாங்க வந்தவர் கயிற்றால் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, லாரிக் கணக்கில் விலை சொன்னார். வெளவால்கள், தோப்பை ஒட்டிய குளத்தின் குளிர்ச்சி, கோடையில் அங்கே வந்து படுக்கும் மாடுகள் எதுவும் அந்த விலையில் இல்லை. அன்று அவற்றை நானும் சொல்லவில்லை. என் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டேன். அந்தப் பணத்தால் அம்மா இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார். இன்று அதே நிலை வந்தாலும் விற்கவே செய்வேன். அப்படிப்பட்ட நான், மகன் போட்ட கணக்கை மறுத்துவிடும்படி நண்பரிடம் எந்த வாயால் சொல்வது?

வள்ளுவர் சொன்ன மழை எவருடைய பட்டாவிலும் இல்லை. அதற்குப் பிள்ளைகளும் இல்லை. ஆகவே அது கைம்மாறு வேண்டாமல் பெய்யலாம். மரமும் கைம்மாறு கேட்பதில்லைதான். ஆனால் மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு வீடு உண்டு, கடன் உண்டு. அவரிடம் மட்டும் மழையின் அறத்தை எதிர்பார்ப்பது, பயன் பெறுபவராகிய நமக்கு வசதியான ஒரு வாசிப்பு என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. தமிழில் கடன் என்ற ஒரே சொல் கடமையையும் குறிக்கும், திருப்பித் தரவேண்டியதையும் குறிக்கும். மேலே இருப்பவருக்கு முதற்பொருளையே இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறோம். கீழே இருக்கும் நமக்கு உரியது இரண்டாவது.

2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தது. சில நாட்களில் எங்கள் ஊர் ஆற்றுக்குத் தண்ணீர் வந்தபோது வழக்கம்போல் பூவும் நெல்லும் தூவினோம். அன்று மாலை நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே மழை வலுத்திருப்பதாகவும், மகன் நாற்பது சில்வர் ஓக் கன்றுகளுக்குக் குழி வெட்டி வைத்திருப்பதாகவும் சொன்னார். ஈட்டி நிற்கிறதா என்று கேட்டேன்.

"நிற்கிறது. இந்த மழை முடியட்டும் சார், பார்ப்போம்" என்றார்.