கம்பி சிவக்கும் வரை

நம்ம ஊட்டிக்காரர்கள் எங்கே போய்க் குடியேறினாலும், மார்கழி ராத்திரியில் தூக்கம் கலைந்தால் ஒரு சத்தத்துக்காகக் காது தானாகக் காத்திருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இரண்டு மணிக்கு மேல், காந்தல் பக்கத்துச் சரிவுகளில் நிறுத்தியிருக்கும் காய்கறி லாரிகளை ஒவ்வொன்றாக எழுப்புகிற சத்தம் அது. செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்து முனகும். இன்ஜின் ஒரு தரம் இருமும், அடங்கிவிடும். "டேய், கட்டையை எடுடா" என்று டிரைவர் கத்துவார். சக்கரத்தடியிலிருந்து கிளீனர் பையன் உருவிய மரக்கட்டை ரோட்டில் மோதி உருளும். லாரி சத்தமில்லாமல் இறக்கத்தில் நகரும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் ஒரு குலுக்கல், பிறகு உறுமல். போர்வைக்குள் கிடக்கிற நமக்கு அப்போதுதான் நிம்மதி. யார் வீட்டு வண்டியோ கிளம்பிவிட்டது.

அந்த நேரத்துக்குக் கிளம்பியே ஆகவேண்டும். நஞ்சநாட்டு உருளைக்கிழங்கும், முத்தோரை முட்டைக்கோசும், ஓடைத் தண்ணீரில் காலால் மிதித்துக் கழுவிய கேத்தி பாலாடா கேரட்டும் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கினால்தான் விலை. குன்னூர் தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கல்லாறு பாக்குத் தோப்பின் வெதுவெதுப்பு முகத்தில் பட்டதும் டிரைவர்கள் மப்ளரைக் கழற்றி ஸ்டியரிங் பக்கத்தில் போடுவார்கள். அங்கே வரைக்கும் எந்தக் கவலையும் இல்லை. கவலையெல்லாம் முதல் உறுமலுக்குத்தான்.

ஐப்பசியில் நீர்ப்பனி. செருப்பு நனையும், அவ்வளவுதான். கார்த்திகை கழிந்தால் உறைபனி வந்துவிடும். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும், ரேஸ் கோர்ஸில் நடந்தால் காலடியில் நொறுங்கும், வாசல் வாளித் தண்ணீரில் கண்ணாடிச் சில்லு மிதக்கும். நாமெல்லாம் அதை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினோம். லாரிக்காரர்களுக்கு அது சோதனைக் காலம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்துத்தான் பற்றவைக்கிறது. ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அதோடு நம்ம ஊர் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். போதாததற்கு டீசலுக்குள்ளேயே மெழுகு உண்டு. நம் நாட்டுத் தர அளவுப்படி, குளிர்கால டீசல் 3 டிகிரி வரைக்கும் உறையாமல் இருந்தால் போதும். உறைபனி விழுகிற ராத்திரிக்கு அது பற்றாது. மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு வந்த டீசல் காந்தலில் ஒரு ராத்திரி நின்றால், காலையில் ஃபில்டருக்குள் கலங்கிப்போய் நகர மாட்டேன் என்று நிற்கும். மண்ணெண்ணெய் கலப்பார்கள், ஃபில்டர் மேல் வெந்நீர் ஊற்றுவார்கள், ஆயில் சம்ப்புக்கு அடியில் தட்டில் கனல் வைப்பார்கள். சிலர் துணியைச் சுற்றிப் பந்தம் கொளுத்திக் காற்று இழுக்கிற வாயில் காட்டுவார்கள்.

பந்தம் காட்டுவது மேஸ்திரிக்கு அறவே பிடிக்காது. "இன்னிக்கு எடுத்துக்கும். நோவு உள்ளயேதான இருக்குது?" என்பார்.

மேஸ்திரி பட்டறை உங்களுக்கு நினைவிருக்கும். தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, நாலாவது பக்கம் ரோடு. பெயர்ப்பலகை கிடையாது. நடுவில் ஆயில் டிரம்மை அறுத்துச் செய்த கணப்பு. அதில் கற்பூர மர விறகு இலையோடு எரியும். அந்தப் புகையும், டீசலும், கிரீஸும், எதிரே மூட்டை ஏற்றும்போது உதிர்கிற கேரட் மண்ணும் கலந்த வாசத்தை வேறெந்த ஊரிலும் நான் முகர்ந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவுக்குத் தெரியாமல் போய்க் கணப்போரம் உட்கார்ந்துவிடுவேன். டீக்கடை அக்கா வர்க்கியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார். மேஸ்திரி பாதியை உடைத்து "இந்தா கண்ணு" என்று நீட்டுவார். அவர் கட்டை விரலின் கறுப்பு அதில் பதிந்திருக்கும். தட்டிவிடாமல் அப்படியே தின்பேன். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். அந்த நேரம் பட்டறையில் யாரும் இரும்பைத் தட்டக்கூடாது.

அங்கேதான் அந்த மூக்கு வண்டி வந்து சேர்ந்தது. வந்தது என்றால், வேறொரு லாரி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஏதோ எஸ்டேட் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றிருந்த, பானெட் மூக்கு மாதிரி முன்னால் நீண்ட பழைய பென்ஸ் லாரி. டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் 1954இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஜாம்ஷெட்பூரில் தயாரான 312 ரகம். ஒப்பந்தம் 15 வருஷத்துக்கு. 1969இல் அது முடிந்தபிறகு வந்த வண்டிகளின் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் கிடையாது. இதில் இருந்தது, பாசி பிடித்துப்போய். கேபினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, பாடிப் பலகையைத் தொட்டால் கையோடு வந்தது. கொண்டுவந்தவர் கேத்திப் பக்கத்து விவசாயி. அவருடைய அப்பா ஓட்டிய வண்டியாம், யாரிடமோ கைமாறிப் போனதைத் தேடிப் பிடித்திருக்கிறார். "ஓடணுங்க மேஸ்திரி. நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்கு இல்லீங்க" என்றார். மேஸ்திரி பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓடும்ங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த மழைக்காலம் முழுக்க டிங்கர் பாயின் சுத்தியல் சத்தம்தான். உருண்டையான பானெட்டை மணல் மூட்டை மேல் கவிழ்த்து, தட்டித் தட்டிப் பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவந்தார். பேட்ச் வைத்த இடம் தெரியக்கூடாது என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். தொழுகைக்கு நேரமானால் சுத்தியலைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்புவார், அந்த அமைதியில் தகரத்தில் மழை விழுவது கேட்கும். ஆசாரி புதுப் பாடி கட்டினார். இன்ஜினைப் பிரித்து, டீசலில் கழுவி, எதற்கு எது ஜோடி என்று சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். வால்வு தேய்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, பேஸ்ட் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைகிற மாதிரி உருட்டவேண்டும். கரகரப்பு மெல்ல மெல்ல வழுவழுப்பாகும். அந்த மாற்றம் காதுக்குத் தெரியும்போது நிறுத்தவேண்டும். டீசலைத் தெளிக்கிற நாசிலெல்லாம் கோயமுத்தூருக்குப் போய் டெஸ்ட் ஆகி வந்தன.

ஆயுத பூஜையன்று மத்தியானம் வண்டி உயிர்பெற்றது. எலுமிச்சம்பழம் நசுங்கி, சரிவில் ஏறி, காந்தல் முக்கு வரை போய்த் திரும்பியது. எல்லாரும் பின்னால் ஓடினோம்.

ஆனால் பனி தொடங்கியதும் ஊமையாகிவிட்டது. வெயில் ஏறி பதினோரு மணிக்குச் செல்ஃப் தொட்டால் எடுத்துக்கொள்ளும், விடியலில் ஒரு சத்தமும் கிடையாது. குறை வண்டியின் பிறப்பில் இல்லை, வயசில் என்றார் மேஸ்திரி. வயசாளியின் நோவு ஒன்றாக இராது, அடுக்கடுக்காக இருக்கும் என்று அவர் ஒவ்வொன்றாக உரித்தார். அதைச் சொல்லாமல் எனக்கு இந்த இடத்தைத் தாண்ட முடியாது.

அந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். ஆறையும் ஒரே கோர்வையாக, ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்குக் கரண்ட் போகும்படி இணைத்திருப்பார்கள். டேஷ்போர்டிலும் அதே கோர்வையில் ஒரு சின்னக் கம்பிச் சுருள். சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மெல்லச் சிவக்கவேண்டும். சிவந்தால் உள்ளேயும் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நம்ம வண்டியில் அது கறுப்பாகவே இருந்தது. ஆறில் ஒன்று அறுந்தாலும் ஆறும் போச்சு. மேஸ்திரி என்னைக் கேபினில் உட்காரவைத்தார். "சுவிட்சைப் புடிச்சுக்க கண்ணு. கம்பி செவந்தா ஒரு சத்தம் குடு." அவர் ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துக்கொண்டே போனார். ஒரு பிளக்கைத் தொட்டபோது இருட்டுக் கேபினில் என் முகத்துக்கு நேரே அந்தச் சுருள் சிவந்தது. "செவந்திருச்சுங்க!" என்று நான் கத்தியதில் டீக்கடை அக்கா எட்டிப் பார்த்தார். அறுந்தது அந்த பிளக்தான்.

மாற்றியும் வழிக்கு வரவில்லை. அடுத்தது ஏர் லாக். ராத்திரியில் டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிப்போய், குழாயில் காற்று உட்கார்ந்துவிடுகிறது. பம்ப் பக்கத்துக் கைப்பம்பை அழுத்தி, ஃபில்டர் தலையின் திருகைத் தளர்த்தினால் நுரை நுரையாக வரும். நுரை நின்று தெளிவாக வரும்வரை அழுத்தவேண்டும். பையன்களெல்லாம் முறை வைத்து அழுத்தினோம். ஆனால் காற்று நுழைகிற இடம் தெரியாமல் இதைத் தினமும் செய்து என்ன பயன்? கடைசியில் எல்லா ஜாயிண்டிலும் இருந்த செம்பு வாஷர்களைக் கழற்றி, கணப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இறுகிப்போன செம்பு அப்படிச் செய்தால் மெதுவாகி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். மறுபடி கோர்த்தபிறகு டீசல் இறங்குவது நின்றது.

மிச்சம் இருந்தது செல்ஃபின் சோர்வு. குளிரில் பேட்டரிக்குப் பலம் குறையும், ஆயில் கெட்டிப்படும், இன்ஜின் வேகமாகச் சுற்றாது. வேகம் இல்லையென்றால் சூடு சேராது. எர்த் வயர் பிடித்த இடத்தின் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய் ராத்திரி கணப்புப் பக்கத்தில் வைத்தார். ரேடியேட்டர் தண்ணீரை இரவே இறக்கிவிட்டு, காலையில் அக்கா கடை அடுப்பிலிருந்து வெந்நீர். அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பனிப் புல்லின் மேல் ஓடி வருவது கிளீனர் பையன்களின் உரிமை, யாருக்கும் விட்டுத்தர மாட்டார்கள்.

அப்புறம் ஒரு விடியல், இருட்டு விலகாத நேரம். கம்பி சிவந்தது. மேஸ்திரி அவசரப்படவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். செல்ஃப் சுற்றியது. இரண்டு சிலிண்டர் பிடித்தது, நாலு பிடித்தது, வெள்ளைப் புகை பட்டறையை நிறைத்துக் கண்ணைக் கரித்தது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். அது வரவர மெலிந்து, ஆறும் ஒரே சீராகத் துடிக்கத் தொடங்கியபோது கேத்திக்காரர் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. டிங்கர் பாய் அவர் தோளில் போர்வையைப் போர்த்திவிட்டார்.

இப்போது அந்தச் சரிவில் நாலு மாடித் தங்கும் விடுதி நிற்கிறது. கீழே கார் நிறுத்துகிற இடம் என்று சிமெண்ட் போட்டிருக்கிறார்களே, அதுதான் பட்டறை இருந்த இடம். கணப்பு இல்லை, கற்பூர மர வாசம் இல்லை. கேரட் லாரிகள் இன்னமும் போகின்றன, சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடுகின்றன. டிரைவர் தனியாக வருகிறார், கிளீனர் பையன்கள் இல்லை. டிங்கர் பாய் போய்விட்டார். மேஸ்திரி முழங்கால் வலி தாங்காமல் கீழே மகன் வீட்டுக்குப் போனார், அங்கேயே காலமானார். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து அவர் கேட்டதையெல்லாம் கேட்கத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இன்று ஒருவரும் இல்லை.

கேத்திக்காரர் இறந்தபிறகு பிள்ளைகள் மூக்கு வண்டியை மேட்டுப்பாளையத்தில் செங்கல் ஏற்றுகிற ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அங்கே உறைபனி ஏது? வாங்கியவர் ஹீட்டர் வயரைக் கழற்றி எடைக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியிருக்கிறது.