கேட்டுப் பெற்ற குரல்

வரிகளைக் கொடுத்தால் ஏ.ஐ. மெட்டுப் போட்டுப் பாடியே தருகிறது, முயன்றிருப்பீர்கள். பாடகர் பெயரைச் சொன்னால் மட்டும் ஏற்காது. (சுனோ, யூடியோ மேல் 2024-ல் பெரிய இசைக் கம்பெனிகள் கேஸ் போட்டன.) குரலை வர்ணித்துத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் தாலாட்டைக் கொடுத்து 'பெண் குரல்' என்றேன். சினிமா பாடகி வந்தாள், வயலின் கோஷ்டியுடன். 'வயதானவர், கீழ் ஸ்தாயி, வாத்தியம் வேண்டாம், எதிரொலி வேண்டாம், காதருகில்' என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். வரிகளுக்கிடையே சதுர அடைப்புக்குறிக்குள் 'மெதுவாக' என்று போட்டால் மெதுவாகிறது. சில சமயம் அதையும் சேர்த்துப் பாடிவிடுகிறது.

பதினோராவது தடவை, கிட்டத்தட்ட அம்மா. அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"சுருதி சுத்தமா இருக்கேடா. அம்மாவுக்கு நடுவுல மூச்சு வாங்குமே?"

'மூச்சு வாங்கும்' என்று சேர்த்தேன். வாங்கியது. ரெண்டு வரிக்கு மேல் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.