ரேஸ் டயரா, ரோடு டயரா?

கல்லூரி பார்க்கிங்கில் நாலு பைக் சேர்ந்து நின்றால் டயர் பேச்சு வராமல் இருக்காது. "ரேஸ் டயர் போட்டா வண்டி ரோட்ல அப்படியே ஒட்டிக்கும்டா" என்பார் ஒருவர். ரேஸில் ஓட்டிக் கழித்த டயர் சல்லிசாகக் கிடைக்கும் என்பார் இன்னொருவர். டிவியில் மோட்டோஜிபி பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். முழங்கால் தரையில் உரசும் அளவுக்குச் சாய்ந்தாலும் விழாத பைக்கின் டயர், கல்லூரிக்குப் போய்வரும் பைக்குக்கு இன்னும் பத்திரம்தானே?

பத்திரம் இல்லை. ஊருக்குள் ஓடும்போது பெரும்பாலான நேரம் அந்த டயர் சாதாரண டயரை விடக் குறைவாகவே பிடிக்கும். காரணம் சூடு.

தார் ரோடு பார்க்க வழவழப்பாக இருந்தாலும் அதில் பொடிப்பொடியாக மேடு பள்ளங்கள் உண்டு. ரப்பர் அவற்றுக்குள் அமுங்கி இறங்கி, மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. கிரிப்பில் பெரும்பங்கு இந்த அமுங்கலில் இருந்துதான் வருகிறது. ரப்பர் அமுங்க வேண்டுமென்றால் அது இளகியிருக்க வேண்டும். ரேஸ் டயரின் கலவை அதிகச் சூட்டில்தான் சரியாக இளகும். அதனால்தான் பந்தயத்துக்கு முன் டயரின் மேல் மின்சாரப் போர்வை சுற்றி, சுமார் 80 முதல் 100 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். ஓட ஆரம்பித்த பிறகு பலமான பிரேக்கும் வேகமான வளைவுகளும் அந்தச் சூட்டைத் தக்கவைக்கின்றன. ரோடு டயரின் கலவை வேறு. அதில் சிலிக்கா சேர்ப்பதால் சூடேறாத நிலையிலும் ஈரத்திலும் வேலை செய்யும். காலையில் வண்டியை எடுத்ததுமே பிடிப்பு கிடைக்கும்.

"சென்னை வெயிலுக்கு ரோடே கொதிக்குதே, போர்வை எதுக்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். மே மாத மதியத்தில் தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டலாம். ஆனால் ரேஸ் டயருக்கு அது போதாது. டயர் உள்ளுக்குள் நசுங்கி விரிந்து தானே சூடாக வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும் பைக்கில் அது நடக்காது. காலை ஆறு மணிக்கும் டிசம்பர் ராத்திரிக்கும் அந்த வெயில் கூட இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்பதை பிளஸ் ஒன் இயற்பியலே சொல்லிவிடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் கெழுவாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் இரண்டாலும் வகுத்தால் வரும். 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக்குக்கு உராய்வுக் கெழு 0.9 என்று வைத்துக்கொண்டால் சுமார் 16 மீட்டர். 0.6 என்றால் 24 மீட்டர். கூடுதலான அந்த 8 மீட்டருக்குள் ஒரு ஷேர் ஆட்டோவும் அதன் பின்னால் ரோட்டைக் கடக்கும் பாட்டியும் இருக்கலாம்.

மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம். டயரில் உள்ள காடிகள் கிரிப்புக்காக வெட்டப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த ரோட்டில் காடி இல்லாத மொட்டை டயர்தான் அதிக ரப்பரைத் தரையில் வைக்கும். ஸ்லிக் என்பது அதுதான். காடிகளின் வேலை, அடியில் சிக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது. அவை இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். கெழு 0.3-க்கு இறங்கினால் அதே 60 கி.மீ. வேகத்தில் நிற்க 47 மீட்டர் வேண்டும். மோட்டோஜிபியில் 2005-ல் வந்த விதிப்படி, நடுவில் மழை வந்தால் வீரர் பிட்டுக்குள் போய், மழை டயர் மாட்டிய வேறு பைக்கில் ஏறிக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் கிண்டி பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டவருக்கு அந்த வசதி கிடையாது.

கழித்துப்போட்ட ரேஸ் டயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நன்றாகச் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் அதன் ரப்பர் கொஞ்சம் இறுகும். பார்வைக்குப் புதுசு போல இருக்கும், பிடிப்பு போயிருக்கும்.

அப்படியானால் ரேஸ் டயர் வெறும் பகட்டா என்றால் அதுவும் இல்லை. 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஒரு சுற்று 3.7 கி.மீ. அங்கே தொடர்ந்து முழு வேகத்தில் சுற்றினால், ரோடு டயர் தன் எல்லைக்கு மேல் சூடாகி வழுக்க ஆரம்பிக்கும். காடிகளுக்கு நடுவே உள்ள ரப்பர் கட்டிகள் நெளியும், ஓரங்கள் பிய்ந்து வரும். அங்கே ரேஸ் டயர்தான் பத்திரம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு சென்னையிலிருந்து நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகக் கூடாது. டயரைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே மாட்ட வேண்டும். முதல் தடவை ட்ராக்கில் இறங்குபவருக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் ரோடு டயரே போதும். அதன் எல்லையைத் தொடும் அளவுக்கு ஓட்டப் பழகவே நாளாகும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் பார்க்க வேண்டியவை:

1. 140/70 R17 66H என்று இருந்தால் அகலம் 140 மி.மீ., உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். 66 என்றால் 300 கிலோ தாங்கும். H என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை.

2. நாலு இலக்கத் தேதி. 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது.

3. என்.எச்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அது பொதுச் சாலைக்கான டயர் இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் அதை ரோட்டுக்கு வாங்கக் கூடாது.

4. இரட்டைக் கலவை டயரா என்று கேட்கலாம். நடுவில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் இளகிய ரப்பரும் இருக்கும். தினமும் நேர் ரோட்டில் கல்லூரிக்கும், எப்போதாவது ஏலகிரி வளைவுகளுக்கும் போகிறவருக்கு இது தோதானது.

மாணவர் கையில் இருக்கும் காசு ஒரு செட் டயருக்குத்தான் காணும். அந்தக் காசைத் தினமும் ஓட்டுகிற ரோட்டுக்கு ஏற்ற டயரில் போட்டு, வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பார்த்தால் போதும். மிச்சம் பிடித்ததை ஒரு நல்ல ஹெல்மெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.