மேசை மேல் ஒரு விமானம்

விமானம் ஓட்டும் வித்தையை வானத்தில் மட்டுமன்றி, நிலத்தில் இருந்தவாறே கற்பதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த எட்வின் லிங்க் என்பார் 1929ஆம் ஆண்டில் அவ்வழியைக் கண்டார். அவருடைய தந்தையார் ஆர்கன் என்னும் இசைக் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளையே எடுத்து, ஒரு சிறு கூண்டின் அடியிற் பொருத்தி, உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியை அசைத்தால் கூண்டு சாயவும் திரும்பவும் நிமிரவும் செய்தார் லிங்க். தொடக்கத்தில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்கு உரிய பொருளாகவே கருதப்பட்டது. 1934ஆம் ஆண்டில், தபால் சுமக்கும் பணியை மேற்கொண்ட அமெரிக்கப் படை விமானிகள் பலர் மோசமான வானிலையில் உயிரிழந்தனர். அதன் பின்னரே அப்படையினர் லிங்கின் கருவிகள் ஆறினை விலைகொடுத்து வாங்கினர். விளையாட்டு என்று எண்ணப்பட்டது உயிர் காக்கும் பயிற்சியாயிற்று. இன்று இரயில் எஞ்சின் ஓட்டுநர்களுக்கும் இத்தகைய பாவனைக் கருவியில் பயிற்சி அளிக்கப்படுவதை, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் அறிவோம்.

அக்கருவி இப்போது வீட்டுக் கணினிக்குள்ளேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982ஆம் ஆண்டிலேயே ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலையின்றிக் கிடைப்பது ஃப்ளைட்கியர் என்பது. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டு அன்பர்கள் ஊதியம் கருதாது ஒன்றுகூடி இதனை ஆக்கத் தொடங்கினர். இன்றும் வளர்த்து வருகின்றனர். ஊர்ப் பொதுக்கிணறு போன்றது இது. யாவரும் நீர் இறைக்கலாம், யாவரும் தூர் எடுக்கவும் செய்யலாம். நாம் விரும்பும் விமானம் அதில் இல்லையெனில், நாமே செய்து சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்யக் கற்ற கதையையே இங்கு எழுதப் புகுந்தோம்.

எந்த விமானத்தைச் செய்வது என்ற கேள்விக்குத் தோப்பும்படியில் குடியிருப்போர் விடை தேடி அலைய வேண்டியதில்லை. பாலத்திற்கு அப்பால், கடலடி மண்ணைத் தோண்டிக் கொட்டி உருவாக்கிய வில்லிங்டன் தீவில், 1953ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். கருடா என்னும் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கப்படும்வரை பயணிகள் விமானங்களும் அத்தீவிலேயே இறங்கின. இன்று நம் கூரைக்கு மேல் அடிக்கடி தாழப் பறப்பது கடற்படையின் டார்னியர் 228. ஜெர்மனியில் 1981ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தை, உரிமம் பெற்று, கான்பூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் கட்டி வருகின்றனர். கடற்படையின் முதற் பெண் விமானியாகிய சிவாங்கி, 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இங்கு, இந்தக் கொச்சியிலேதான், டார்னியர் ஓட்டும் தகுதி பெற்றார். பெண் மக்களைப் பெற்றோர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

விமானத்தின் நீளம் 16.56 மீட்டர், இறக்கையின் ஒரு நுனி முதல் மறு நுனி வரை 16.97 மீட்டர், உயரம் 4.86 மீட்டர். பெரம்பூரில் கட்டப்பட்ட பழைய வகைப் பயணிகள் பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர் என்பதை எண்ணினால், இவ்விமானம் எத்துணைச் சிறியது என்பது விளங்கும். தளத்தையோ அங்குள்ள விமானங்களையோ படம் பிடித்தல் கூடாது, அது சட்டம். ஆகவே ஏற்கெனவே அச்சேறிய படங்களையும், முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம் ஆகிய மூன்று நோக்கிலும் வரைந்த கோட்டுப் படத்தையும் துணையாகக் கொண்டோம்.

உருவத்தைச் செதுக்கும் உளி பிளெண்டர் என்னும் மென்பொருள். ஹாலந்து நாட்டவரான டான் ரோசண்டால் தொடங்கிய இது, அதனை நடத்திய நிறுவனம் மூடப்பட்ட நிலையில் அழிந்துபோக வேண்டியது. 2002ஆம் ஆண்டில் உலகெங்கிலுமுள்ள அன்பர்கள் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி, அதனை மீட்டுப் பொதுச் சொத்தாக்கினர். அதனால் இன்று நாம் ஒரு காசும் கொடாமல் அதனை இறக்கிக்கொள்ள முடிகிறது. புதிய பதிப்பு பழைய கணினியில் ஓடாதெனில், முந்தைய பதிப்புகளும் அவர்களிடமே கிடைக்கின்றன.

இதனைக் கற்க விரும்பி நகரிலுள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தோம். கட்டணம் நமது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்குவதாக இருந்தது. அன்றியும், பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவருக்கு, அதிலும் முப்பதைக் கடந்தவருக்கு, இது ஏறாது என்று அங்கிருந்த இளைஞர் புன்முறுவலுடன் கூறினார். நாம் மறுமொழி கூறாமல் வந்துவிட்டோம். இரவுப் பணி முடிந்து வந்து உறங்கி எழுந்த பிற்பகல்களில், ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமே தொடங்கினோம். படித்து அறிந்த ஒவ்வொரு படியையும் ஒரு நூறு பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்தோம். ஆங்கிலத்தில் படித்தது மறுநாள் மறந்துபோயிற்று. தமிழில் எழுதியது மறக்கவில்லை.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலில் திரையில் ஒரு கனசதுரம் தோன்றும். டார்னியரின் உடல் உருளையாக இராமல் ஏறக்குறைய பெட்டி வடிவாக இருப்பதால், கற்போருக்கு அது பெரும் வசதி. பின்னணியில் கோட்டுப் படத்தை வைத்து, கனசதுரத்தின் ஒரு முகத்தைப் பிடித்து இழுத்து நீட்டி, மீண்டும் நீட்டி, மூக்கையும் வாலையும் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். விமானத்தின் இடமும் வலமும் ஒன்றுபோல் இருத்தலின், ஒரு பாதியை மட்டும் செய்தால் போதும்; மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பம்போல் மென்பொருளே காட்டிவிடும். கோலம் போடும் பெண்டிருக்கு இந்த நுட்பம் புதிதன்று. சுழல் விசிறிக்கும் ஓர் அலகு செய்தால் போதும். நான்கு அலகெனில் 90 பாகைக்கு ஒன்றாகவும், ஐந்தெனில் 72 பாகைக்கு ஒன்றாகவும் பிரதி எடுக்கலாம்.

ஒவ்வொரு முகத்திற்கும் உட்புறம், வெளிப்புறம் உண்டு. துணிக்கு நல்ல பக்கமும் மாற்றுப் பக்கமும் உள்ளன அல்லவா? முகம் புரண்டிருந்தால், பறக்கும்போது அவ்விடம் ஓட்டையாகத் தோன்றும். முகங்களின் எண்ணிக்கையிலும் சிக்கனம் வேண்டும். திரையிலுள்ள காட்சியைக் கணினி ஒரு வினாடிக்கு முப்பது முறையேனும் புதிதாக வரைந்தால்தான் பறத்தல் தடையின்றித் தோன்றும். தேவையற்ற முகம் ஒவ்வொன்றும் அதன் முதுகில் ஏற்றும் சுமையே. கண்ணுக்குத் தெரியும் கதவும் சன்னலும் ஆணிகளுங்கூட உருவமாகச் செய்யப்படாமல், வண்ணப்படமாக மேலே ஒட்டப்படுவது இக்காரணத்தால்தான். கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தைத் தட்டையாக விரிப்பதுபோல், விமானத்தின் தோலை உரித்து ஒரு சதுரப் படத்தின்மேல் பரப்பி, அதில் வண்ணம் தீட்ட வேண்டும். அச்சதுரத்தின் பக்கம் 1024, 2048 என்றவாறு இரண்டின் அடுக்காக இருத்தல் மரபு.

இனி, அசைய வேண்டிய உறுப்புகள். இறக்கையின் பின்னோரத் தகடுகள், வாலின் சுக்கான், சக்கரங்கள், விசிறிகள் ஆகியவை தனித்தனிப் பொருள்களாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, அது எந்தக் கோட்டைப் பற்றி எத்தனை பாகை சுழலும் என்பதை வேறொரு கோப்பில் எழுத வேண்டும். கதவு ஓரிடத்தும் கீல் வேறிடத்தும் இருந்தால் என்னாகும்? தகடு இறக்கையை விட்டுக் கழன்று வானில் தனியே ஆடும். உருவத்தில் இட்ட பெயரும் கோப்பில் எழுதிய பெயரும் ஓரெழுத்து மாறினாலும் உறுப்பு அசையாது. இவ்வளவும் செய்த பின்னரும் விமானம் பறந்துவிடாது. எடை எவ்வளவு, இறக்கையின் தூக்கு விசை எவ்வளவு, எஞ்சினின் ஆற்றல் எவ்வளவு என்னும் கணக்கு மற்றொரு கோப்பில் இருக்கிறது. ஃப்ளைட்கியரில் அழகு வேறு, பறத்தல் வேறு.

உறுப்புகளுக்குப் பெயரிட வேண்டிய கட்டத்தில்தான், நாம் எதிர்பாராத ஒரு நன்மை நம் இல்லத்தில் விளைந்தது. அதனைக் கூறாமல் விட மனமில்லை.

நம் மகனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலையாளம். தமிழ் அவன் செவிக்குத் தெரியும், நாவிற்குப் பாதி தெரியும், கண்ணிற்குத் தெரியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நம்முடன் வாழும் நம் அன்னையாருக்கோ தமிழன்றி வேறொன்றும் வாராது. ஆச்சி ஒன்று கேட்பார்; பேரன் மலையாளத்தில் விடை சொல்லிவிட்டு ஓடிவிடுவான். ஒரே கூரையின் கீழ் இருவரும் அயலார்போல் ஆகிவருவது நம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. இம்மாத இதழைப் படிக்கும் குடும்பங்களுள் எத்தனை குடும்பங்களில் இந்நிலை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

விமானத்தைக் கண்டு மகன் மேசையருகே வந்தான். தானும் செய்ய வேண்டும் என்றான். செய்முறை முழுவதும் தமிழ் நோட்டில் இருந்தது. "வாசித்துச் சொல்லுங்கள், அப்பா," என்றான். "நீயே வாசி; தெரியாத எழுத்தை மட்டும் கேள்," என்றோம். முதல் நாள் நான்கு வரி வாசிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் அந்த நான்கு வரிக்குப் பின் கனசதுரம் அவன் கையால் நீண்டது. சனி, ஞாயிறு இரு நாட்களில் மட்டும், ஒரு மணி நேரம் என்று வரையறுத்தோம். பாடத்திற்கு இடையூறு நேருமென்று அஞ்சிய அவன் தாயாரும் அதற்கு உடன்பட்டார்.

நம் அன்னையார் மாட்டுவண்டி ஓட்டிய குடும்பத்திலே பிறந்தவர். ஒருநாள் திரையை உற்றுநோக்கிவிட்டுப் பேரனிடம், "வண்டிக்கு அச்சு இருக்கு, குடம் இருக்கு, ஆரக்கால் இருக்கு, கழண்டு போகாம கடையாணி இருக்கு. உன் விமானத்துக்கு என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். அவனுக்கு அச்சொற்களுள் ஒன்றும் விளங்கவில்லை. "குடம்னா என்ன, ஆச்சி?" என்றான். சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் சொருகும் கட்டையைக் கையாலேயே வரைந்து காட்டினார் அவர். அன்று பேசத் தொடங்கிய இருவரும் விளக்கணைக்கும் வரை பேசினர். இறக்கையின் பின்னே தாழ்ந்து எழும் தகட்டிற்குத் தாழம்பூவின் மடலைச் சொல்லி 'மடல்' என்று பெயர் சூட்டியவர் அவரே. வால் தகட்டிற்குச் சுக்கான் என்று நாம் சொன்னபோது, "இது மலையாளம் அல்லவா?" என்றான் மகன். மீன்பிடித் துறைமுகத்தில் நாள்தோறும் கேட்கும் அச்சொல் இரு மொழிக்கும் பொதுவென்று அறிந்து அவன் மகிழ்ந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. அப்பெயர்களையே ஆங்கில எழுத்திற் கோப்பில் இட்டோம். கணினிக்கு எப்பெயரும் சம்மதமே. இரண்டிடத்தும் ஒன்றாயிருந்தால் அதற்குப் போதும்.

எட்டு மாதங்கள் கழிந்தன. விமானம் இன்னும் முற்றுப்பெறவில்லை. விமானியின் அறைக்குள்ளிருக்கும் அளவுமானிகள் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் தனி வேலை. ஆயினும் தரையை விட்டு எழுகிறது, மடல் தாழ்கிறது, சக்கரம் உள்ளே மடிகிறது. நோட்டின் பின்பகுதியில் அண்மையில் எழுதப்பட்ட பக்கங்கள் நம் கையெழுத்தில் இல்லை. ஒற்றெழுத்துகள் ஆங்காங்கே தப்பியிருக்கின்றன; ஆனால் எழுதியிருப்பது தமிழ்.

தமிழை ஒரு கடமையாகக் கற்பித்தால் நம் பிள்ளைகள் அதனை ஒரு தண்டனையாகவே கொள்கின்றனர். அவர்கள் நாடும் பொருளின் திறவுகோலைத் தமிழிலே வைத்துவிட்டால், அவர்களே தேடி வந்து எடுத்துக்கொள்கின்றனர். நம் வீட்டில் அப்பொருள் விமானமாயிற்று. வேறொரு வீட்டில் அது மீன் தொட்டியாகலாம், மிதிவண்டியாகலாம், சமையலாகலாம். எதுவாயினும், செய்முறையைப் பெற்றோரே தம் கையால் தமிழில் எழுதிக் கொடுப்பாராக. விமானமே வேண்டும் என்போருக்காக, நமது நோட்டின் நகல் ஒன்றைச் சங்க நூலகத்தில் சேர்த்திருக்கிறோம். எடுத்துச் செல்வோர், தாம் புதிதாகக் கற்றதை அதன் இறுதியில் உள்ள வெற்றுத் தாள்களில் எழுதித் திருப்பித் தர வேண்டுகிறோம்.